ஃபார்ம் நிரப்பியவரை மீட்டிங் வரை கொண்டுசேர்ப்பது எப்படி?

வெப்சைட்டில் ஒருவர் ஃபார்ம் நிரப்பி அனுப்புகிறார். உங்களுக்கு மெயில் வருகிறது. “எப்போது பேசலாம்?” என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள். “சனிக்கிழமை?” என்கிறார். “சனி வெளியூர் போகிறேன், ஞாயிறு 11 மணி?” “11 முடியாதே, 4?” இப்படியே இரண்டு நாள் ஓடிவிடும். நேரம் குதிர்வதற்குள் கேட்டவரின் ஆர்வம் ஆறிப்போயிருக்கும்.

இந்த இழுபறிக்காகத்தான் காலெண்ட்லி, கால்.காம், ஜோஹோ புக்கிங்ஸ், கூகுள் காலண்டரில் உள்ள அப்பாயின்ட்மென்ட் பக்கம் போன்ற புக்கிங் கருவிகள் இருக்கின்றன. உங்களுக்கு ஒழிந்த நேரங்களை மட்டும் அவை காட்டும். வருபவர் ஒன்றைத் தொட்டால் உங்கள் காலண்டரில் ஏறிவிடும். அவருக்கு மீட்டிங் லிங்க் தானாகப் போய்விடும். மாலை 6 மணிக்கு சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலைத் தாண்டி வந்து நேரில் பாருங்கள் என்று பெங்களூரில் யாரையும் கூப்பிட முடியாது என்பதால், சிவாஜிநகர் ஆடிட்டரிலிருந்து அல்சூர் பிசியோதெரபிஸ்ட் வரை பலரும் முதல் பேச்சை ஆன்லைனிலேயே முடித்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஃபார்ம் ஒரு பக்கம், புக்கிங் கருவி இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக நிற்கும்போது. ஃபார்மில் பெயர், மெயில், போன் எல்லாம் கொடுத்துவிட்டு வந்தவரிடம் புக்கிங் பக்கம் மறுபடியும் பெயர், மெயில், போன் கேட்கும். போனில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருப்பவர் அங்கேயே மூடிவிட்டுப் போய்விடுவார். இரண்டையும் இணைப்பது என்றால், முதல் இடத்தில் சொன்னதை இரண்டாவது இடத்தில் திரும்பச் சொல்லவைக்காமல் இருப்பது. அவ்வளவுதான் வேலை, ஆனால் அதில் சில முடிச்சுகள் உண்டு.

உதாரணத்துக்கு, மல்லேஸ்வரத்தில் வாய்ப்பாட்டு சொல்லித்தரும் ஒரு மாமியின் வெப்சைட்டை எடுத்துக்கொள்வோம். மாணவர்களில் பாதிப் பேர் நியூ ஜெர்சி, டல்லாஸ் பக்கம். வேர்ட்பிரஸ் தளம். ‘டெமோ கிளாஸ் வேண்டும்’ என்று ஒரு ஃபார்ம்.

தனி ஃபார்ம் உண்மையிலேயே வேண்டுமா?

இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா புக்கிங் கருவிகளிலும் கூடுதல் கேள்விகள் சேர்க்க வசதி இருக்கிறது. பெயர், மெயில், ‘எதற்காகப் பேச வேண்டும்’ என்ற மூன்று விஷயம்தான் உங்களுக்குத் தேவை என்றால் அவற்றை அங்கேயே வைத்துவிட்டு, அந்தப் புக்கிங் பக்கத்தை மட்டும் உங்கள் தளத்தில் பதியுங்கள். இணைக்க வேண்டிய தேவையே இல்லை. சின்னத் தொழில் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

தனி ஃபார்ம் எப்போது வேண்டும்? நேரம் தேர்ந்தெடுக்காமல் பாதியில் போனவரின் தொடர்பாவது கையில் இருக்க வேண்டும் என்றால் வேண்டும். பதிலைப் பொறுத்து ஆளைப் பிரிக்க வேண்டும் என்றாலும் வேண்டும். மாமிக்கு இரண்டுமே தேவை. ஐந்து வயதுக்குக் கீழே அவர் எடுப்பதில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு 20 நிமிடம் போதும். வர்ணம் வரை வந்தவரைப் பாடவைத்துப் பார்க்க 45 நிமிடமாவது வேண்டும். ஆக இரண்டு வகைச் சந்திப்பு, இரண்டு லிங்க். காலெண்ட்லியின் இலவசத் திட்டத்தில் ஒரு வகைதான் வைக்க முடியும்; கால்.காம் தனிநபருக்கு இலவசமாகவே பல வகை தருகிறது. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

முதல் படி: புக்கிங் பக்கத்தைத் தனியாக ஓடவையுங்கள்

ஃபார்மைத் தொடவே வேண்டாம். கூகுள் காலண்டரையோ அவுட்லுக்கையோ இணையுங்கள். நேர மண்டலம் ‘ஆசியா/கொல்கத்தா’ என்றோ இந்திய நேரம் என்றோ இருக்கிறதா பாருங்கள். இந்தியா முழுவதற்கும் ஒரே மண்டலம்தான், பட்டியலில் பெங்களூரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே 10 நிமிட இடைவெளி, குறைந்தபட்ச முன்னறிவிப்பு 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பை விட்டுவிட்டால், அமெரிக்காவில் ஒருவர் அவருடைய பகல் நேரத்தில், நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அடுத்த ஒரு மணி நேரத்தில் புக் செய்துவிடுவார்.

“ராகு காலத்துல முதல் கிளாஸ் எதுவும் விழாம பாத்துக்கோப்பா” என்றார் மாமி. இது கருவிக்குப் பெரிய வேலையே இல்லை. கிழமைவாரியாக நேரம் குறிக்கலாம். அவர் கிளாஸ் எடுப்பது காலை 5:30 முதல் 8:30, மாலை 5 முதல் 8. இதில் மோதுவது திங்கள் காலை 7:30–9, ஞாயிறு மாலை 4:30–6 இரண்டும்தான். திங்களை 7:30-க்கு முடித்து, ஞாயிறை 6-க்குத் தொடங்கினால் ஆயிற்று. நியூ ஜெர்சியில் அந்நேரம் என்ன காலம் என்பது அவரவர் பாடு.

நேர மண்டலம் பற்றி இன்னொன்று. பெங்களூரில் காலை 5:30 என்றால் நியூ ஜெர்சியில் கோடையில் முந்தைய நாள் இரவு 8 மணி, குளிர்காலத்தில் 7 மணி. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள், நாம் மாற்றுவதில்லை. புக்கிங் கருவி இதைத் தானாகக் கணக்கிட்டு, பார்ப்பவரின் ஊர் நேரத்தில் காட்டிவிடும். ஆகவே ஃபார்மில் ‘உங்களுக்கு வசதியான நேரம்’ என்று ஒரு பெட்டி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். “திங்கள் 8 மணி” என்று எழுதியிருப்பார். யாருடைய திங்கள், எந்த 8 என்று மறுபடி மெசேஜ் அனுப்ப வேண்டிவரும். நேரம் பற்றிய எதையும் ஃபார்ம் கேட்கக் கூடாது.

இரண்டாம் படி: ஃபார்மைச் சுருக்குங்கள்

மாமியின் ஃபார்மில் கடைசியில் நின்றது ஐந்து: பெயர், மெயில், வாட்ஸ்அப் எண், மாணவரின் வயது, இதுவரை கற்றது (புதிது / சரளி, ஜண்டை / கீதம் / வர்ணம், அதற்கு மேல்). முகவரி, ‘எங்களை எப்படித் தெரியும்’ போன்றவை முதல் கிளாஸ் முடிந்தபின் கேட்டுக்கொள்ளலாம்.

பெயரை ஒரே பெட்டியாக வையுங்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டாகப் பிரித்து, இரண்டையும் கட்டாயமாக்கினால் நம்மவர்கள் தவிப்பார்கள். இனிஷியல்தான் இருக்கிறது, கடைசிப் பெயர் ஏது? ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் இனிஷியலை முதல் பெட்டியில் போடுவார். புக்கிங் கருவியிலும் ஒரே பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்றிருந்தால் பெயர் சரியாகக் கடந்து வராது.

மூன்றாம் படி: பதில்களை லிங்க்கில் ஏற்றி அனுப்புங்கள்

உயிரான பகுதி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். ஃபார்ம் அனுப்பி முடிந்ததும் ‘நன்றி’ என்று காட்டி நிறுத்தாமல், வந்தவரை நேரே புக்கிங் லிங்க்குக்குத் திருப்பிவிட வேண்டும். திருப்பும்போது அந்த லிங்க்கின் வாலில் அவர் சொன்ன பதில்களைத் தொங்கவிட வேண்டும். வால் இப்படி இருக்கும்:

உங்கள்-லிங்க்?நேம்=கவிதா&ஈமெயில்=அவர்-மெயில்&ஏ1=வர்ணம்

நிஜத்தில் ‘நேம்’, ‘ஈமெயில்’, ‘ஏ1’ மூன்றும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும். கேள்விக்குறியில் வால் தொடங்குகிறது. ஒவ்வொரு ஜோடியையும் & பிரிக்கிறது. காலெண்ட்லியில் ‘ஏ1’ என்றால் நீங்கள் சேர்த்த முதல் கூடுதல் கேள்வி, ‘ஏ2’ இரண்டாவது; இப்படி ‘ஏ10’ வரை போகலாம். இந்த எண் கேள்வியின் வரிசையைக் குறிக்கிறது, கேள்வியை அல்ல. நாளைக்கு யாராவது கேள்விகளை மேலும் கீழும் இழுத்துவைத்தால், வயதுப் பெட்டியில் ‘வர்ணம்’ என்று வந்து நிற்கும். கால்.காமில் ஒவ்வொரு கேள்விக்கும் நீங்களே ஓர் அடையாளப் பெயர் வைக்கலாம் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

டேலி, ஜாட்ஃபார்ம், எலிமென்டர் போன்ற ஃபார்ம் கருவிகளில் ‘அனுப்பியபின் திருப்பிவிடு’ என்ற அமைப்பு உண்டு. அங்கே லிங்க்கை ஒட்டி, பதில் வர வேண்டிய இடத்தில் அந்தந்தப் பெட்டியின் குறியைச் செருகினால் போதும். கான்டாக்ட் ஃபார்ம் 7 என்ற வேர்ட்பிரஸ் ப்ளக்இன் வைத்திருந்தால் நாலைந்து வரி ஜாவாஸ்கிரிப்ட் தேவைப்படும். அதில் ஒன்றைக் கவனியுங்கள்: பட்டனை அழுத்திய கணத்தில் திருப்பினால், தகவல் போய்ச்சேரும் முன்பே பக்கம் மாறிவிடலாம். மெயில் வெற்றிகரமாகப் போனபின் அந்த ப்ளக்இன் எழுப்பும் நிகழ்வைப் பிடித்து, அதன் பிறகுதான் திருப்ப வேண்டும்.

இனி + குறி. வாட்ஸ்அப் எண்ணை +91 என்று தொடங்கி அப்படியே லிங்க்கில் ஏற்றினால், மறுமுனையில் அது வெற்றிடமாகப் படிக்கப்படும். ‘ 91…’ என்று வந்து நிற்கும் எண்ணை போன் பெட்டி ‘தவறான எண்’ என்று தள்ளிவிடும். வந்தவருக்கு எங்கே பிழை என்றே தெரியாது. & குறியும் அதே மாதிரி: நிறுவனத்தின் பெயர் ‘முருகன் & சன்ஸ்’ என்றால் ‘முருகன்’ மட்டும்தான் கடந்து வரும்; மீதி வேறொரு ஜோடி என்று நினைத்துக் கைவிடப்படும். இதற்கு மருந்து, பதிலை லிங்க்கில் ஏற்றும் முன் குறிமாற்றம் செய்வது. ஜாவாஸ்கிரிப்ட்டில் அதற்கென்றே ‘என்கோட் யூஆர்ஐ காம்போனென்ட்’ என்ற செயல்கூறு இருக்கிறது. அது + குறியை ஒரு சதவீதக் குறி, 2, பி என்று மாற்றித்தரும். இந்த வரிகளைச் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கினாலும் சரி, தெரிந்த பையனிடம் எழுதி வாங்கினாலும் சரி, அந்தச் செயல்கூறு ஒவ்வொரு பதிலைச் சுற்றியும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

தமிழில் பெயர் எழுதினால்? தாராளமாகக் கடந்து வரும். ஆனால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் லிங்க்கில் ஒன்பது எழுத்தாக விரியும். ‘கவிதா’ என்பது க, வ, இகரக் கொக்கி, த, கால் என ஐந்து குறியீடு. லிங்க்கில் 45 எழுத்தாக நீளும். முகவரிப் பட்டியில் சதவீதக் குறிகளாகக் கொட்டிக்கிடப்பதைப் பார்த்து ஏதோ வைரஸ் என்று நினைத்துவிட வேண்டாம்.

பதிலைப் பொறுத்துப் பிரிப்பதும் இந்த இடத்தில்தான். ‘வர்ணம், அதற்கு மேல்’ என்றால் 45 நிமிட லிங்க், மற்றவருக்கு 20 நிமிட லிங்க், வயது ஐந்துக்குக் கீழ் என்றால் ‘அடுத்த விஜயதசமிக்குப் பேசுவோம்’ என்ற பக்கம். பல ஃபார்ம் கருவிகளில் ‘இது என்றால் அது’ என்ற நிபந்தனை வசதி இருக்கிறது.

கூகுள் ஃபார்ம் வைத்திருப்பவர்களுக்கு

கூகுள் ஃபார்மில் அனுப்பியபின் வேறு பக்கத்துக்குத் தானாகத் திருப்பும் வசதி இல்லை. அனுப்பியபின் காட்டும் செய்தியில் புக்கிங் லிங்க்கை எழுதிவைக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே லிங்க்தான், பதில்கள் அதில் ஏறாது. கூகுள் சேவைகளுக்குள்ளேயே சின்ன நிரல் எழுதும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் தெரிந்தால், ஃபார்ம் வந்தவுடன் அவரவர் பதில் ஏற்றிய லிங்க்கை மெயிலில் அனுப்பவைக்கலாம். சாதாரண ஜிமெயில் கணக்கில் அப்படி ஒரு நாளைக்கு 100 பேருக்கு அனுப்பலாம், சின்னத் தொழிலுக்கு அது தாராளம். ஆனால் மெயிலைத் திறந்து, லிங்க்கைத் தொட்டு, பிறகு நேரம் பார்ப்பது என்பது இன்னொரு தாண்டல். ஃபார்ம் அனுப்பிய சூட்டோடு நேரம் காட்டுவதற்கு ஈடாகாது. முடிந்தால் ஃபார்மை மாற்றிவிடுங்கள் என்பேன்.

நான்காம் படி: பக்கத்துக்குள் பதிக்கும்போது

ஃபார்மையும் புக்கிங்கையும் பக்கத்துக்குள் பதிக்க இரண்டு வழி: தள எடிட்டரே தரும் பிளாக், அல்லது கருவி தரும் நிரல் துண்டை எச்டிஎம்எல் பெட்டியில் ஒட்டுவது. வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் திட்டத்தில் ஒட்டிய ஸ்கிரிப்ட் சேமித்தவுடன் காணாமல் போகும். அங்கே பட்டனாக லிங்க் கொடுப்பதுதான் வழி.

வேறொரு நிறுவனத்தின் ஃபார்மைப் பதித்தால் அது பெரும்பாலும் ஐஃப்ரேம், அதாவது உங்கள் பக்கத்துக்குள் வைத்த இன்னொரு குட்டிப் பக்கம். அதற்குள்ளிருந்து திருப்பிவிட்டால், புக்கிங் காலண்டர் முழுப் பக்கத்தில் திறக்காமல் அந்தக் குட்டிப் பெட்டிக்குள்ளேயே திறக்கும். 400 பிக்ஸல் உயரப் பெட்டிக்குள் ஒரு மாதக் காலண்டர். போனில் எதை இழுத்தால் எது நகர்கிறது என்றே தெரியாது. காலெண்ட்லி பக்கத்தில் பதிக்கத் தரும் நிரல் துண்டில் குறைந்தபட்ச அகலம் 320 பிக்ஸல், உயரம் 700 பிக்ஸல் என்றே வைத்திருக்கிறது. ஃபார்ம் கருவியில் ‘முழு ஜன்னலில் திற’ என்ற மாதிரி தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் ஃபார்மைப் பதிக்காமல் தனிப் பக்கமாகவே விடுவது மேல்.

பதித்த ஃபார்முக்கு வெளிப் பக்கத்தின் லிங்க் வால் பல கருவிகளில் தானாகத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இன்ஸ்டாகிராம் விளம்பரத்திலிருந்து வந்தவரா, கூகுள் விளம்பரத்திலிருந்து வந்தவரா என்று உங்கள் முகவரிப் பட்டியில் எழுதியிருக்கும். ஃபார்மின் காதில் அது விழாது. அதைத் தனியாக, வந்தவர் கண்ணில் படாத ஒரு மறைபெட்டியை ஃபார்மில் வைத்து அதன் மூலம் கடத்த வேண்டும். விளம்பரத்துக்குக் காசு செலவழிக்காதவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: நிரப்பிவிட்டு நேரம் எடுக்காமல் போனவர்கள்

எவ்வளவு நன்றாக இணைத்தாலும், ஃபார்ம் அனுப்பியபின் காலண்டரைப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போகிறவர்கள் உண்டு. தனி ஃபார்ம் வைத்ததே இவர்களுக்காகத்தான். கூகுள் ஷீட்டில் ஃபார்ம் பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு வரியாக விழட்டும். கடைசி நெடுவரிசையில் ‘புக் ஆயிற்றா’ என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்குப் பத்துப் பேர் என்றால் கையாலேயே குறித்துவிடலாம். ஒரு கருவியின் தகவலை இன்னொன்றுக்குத் தானாகக் கடத்தும் ஜேப்பியர் அது இது என்று போய் நேரத்தைச் செலவழிப்பது வீண். அதற்கு மேல் என்றால் புக்கிங் நடந்ததும் ஷீட்டைத் திருத்தும்படி தானியங்கி அமைக்கலாம்.

தானியங்கியில் ஷீட்டில் உள்ள ஃபார்ம் வரியையும் வந்த புக்கிங்கையும் எதை வைத்துப் பொருத்துவது? மெயிலை வைத்து என்று தோன்றும். ஆனால் முன்கூட்டி நிரப்பி வந்த மெயிலை வந்தவர் மாற்றிவிடலாம். ஃபார்மில் அம்மாவின் மெயில், புக்கிங்கில் அப்பாவின் மெயில் என்று வருவது சகஜம். அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் ஃபார்ம் தரும் பதிவு எண்ணையும் லிங்க் வாலில் சேர்த்து அனுப்புங்கள். காலெண்ட்லியில் விளம்பரக் கண்காணிப்புக்கென்று இருக்கும் யூடிஎம் பெட்டிகளில் ஒன்றில் அதை வைக்கலாம். வந்தவர் கண்ணில் படாது, புக்கிங் தகவலோடு உங்களுக்குத் திரும்பி வரும்.

ஒருவர் நேரத்தை மாற்றிக்கொண்டால், காலெண்ட்லி அதைப் பழையதன் ரத்து, புதிதாக ஒரு புக்கிங் என்று இரண்டு செய்தியாக அனுப்பும். ‘ரத்து செய்துவிட்டீர்களே, ஏன்?’ என்று தானியங்கி மெயில் வைத்திருந்தால், பாவம், நேரம் மட்டும் மாற்றியவருக்கும் அது போய்ச்சேரும். ரத்துச் செய்தியில் ‘மாற்றியமைக்கப்பட்டது’ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பும்படி அமையுங்கள்.

நேரம் எடுக்காதவருக்கு ஒரு நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும், அவருடைய பதில் ஏற்றிய அதே லிங்க்கோடு.

எதை லிங்க்கில் ஏற்றக் கூடாது

லிங்க் வாலில் போனதெல்லாம் பிரவுசர் வரலாற்றில் தங்கும், சர்வர் பதிவுகளில் தங்கும், பக்கத்தில் கூகுள் அனலிட்டிக்ஸ் இருந்தால் அங்கும் போகலாம். பெயர், மெயில் ஏற்றுவதே அரை மனதோடு செய்ய வேண்டிய காரியம். பிசியோதெரபிஸ்ட் என்றால் ‘இடுப்பு வலி, அறுவை சிகிச்சை ஆயிற்று’ போன்ற பதிலை ஏற்றவே கூடாது. ஆடிட்டர் என்றால் பான் எண்ணை. அவை ஃபார்மோடு நிற்கட்டும். பதிவு எண்ணை வைத்து நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறச் சொல்கிறது. பட்டனுக்கு மேலே, ‘டெமோ கிளாஸ் நேரம் குறிக்கவும் அதுபற்றி வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளவும் மட்டும்’ என்று டிக் பெட்டியோடு ஒரு வரி எழுதுங்கள். அப்படி எழுதிவிட்டால் தீபாவளி ஆஃபர் அனுப்ப அந்த எண்ணைத் தொடக் கூடாது.

சோதிப்பது

இன்காக்னிட்டோ ஜன்னலில், முடிந்தால் வேறொருவர் போனில், வைஃபையை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். உங்கள் பிரவுசரில் நீங்கள் லாகின் ஆகியிருப்பதால் எல்லாம் சரியாக ஓடுவது போலவே தெரியும். தமிழில் ஒரு பெயர், & உள்ள ஒரு பெயர், + உள்ள ஒரு எண் என மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். லேப்டாப்பின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றி, காலை 5:30 ஸ்லாட் முந்தைய நாள் இரவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். நேரத்தை ஒருமுறை மாற்றுங்கள், பிறகு ரத்து செய்யுங்கள். ஷீட்டில் என்ன விழுகிறது என்று கவனியுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் வேகப்படுத்தும் ப்ளக்இன் எதுவும் இருந்தால், அது ஸ்கிரிப்ட்டைத் தாமதப்படுத்தி காலண்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளையைக் காட்டலாம். அந்தப் பக்கத்தை மட்டும் அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி எதையாவது சேர்த்தாலும் நீக்கினாலும் வரிசை மாற்றினாலும் இதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். சோதனைக்குப் போட்ட புக்கிங்குகளைக் கையோடு ரத்து செய்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த நேரம் யாருக்கும் கிடைக்காமல் பூட்டியே கிடக்கும்.